தூக்கிய காலை விடுங்கள், நிற்கும் காலைப் பாருங்கள்

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 52. மூன்று வருடமாக யோகா செய்கிறேன். மற்ற ஆசனங்கள் ஓரளவு வந்துவிட்டன. ஒற்றைக் காலில் நின்று, தூக்கிய காலின் கட்டை விரலைப் பிடித்து முன்னால் நீட்டும் உத்தித ஹஸ்த பாதாங்குஷ்டாசனம் மட்டும் எட்டு மாதமாக என்னை அழவைக்கிறது. வலது காலில் நின்று இடது காலைத் தூக்கினால், முழங்கால் கொஞ்சம் மடங்கினாலும் ஐந்து மூச்சு வரை சமாளித்துவிடுகிறேன். இடது காலில் நின்றால், கால் கட்டை விரலைப் பிடித்த உடனேயே சாய்ந்துவிடுகிறேன். வகுப்பில் "காலை நீட்டுங்கள், நீட்டுங்கள்" என்கிறார்கள். அதற்காகவே தினமும் தொடையின் பின்பக்கத்தை இழுத்து நீட்டுகிறேன், பலன் இல்லை. என்னைவிட மூத்தவர்கள்கூட அலட்டிக்கொள்ளாமல் செய்கிறார்கள். போதாததற்கு, பத்து நொடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்களுக்கு ஆயுள் குறைவு என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அதிலிருந்து பயமாகவும் இருக்கிறது. இந்த வயதில் இது இனி வருமா? சில வருடங்களுக்கு முன் இடது கணுக்கால் இரண்டு தடவை பிசகியது, இப்போது வலி ஒன்றும் இல்லை. அதற்குப் பட்டி போட்டுக்கொண்டு செய்தால் உதவுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஒற்றைக் காலில் நின்றே தீருவேன் என்று எட்டு மாதமாக ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தூக்கிய காலைப் பற்றித்தான் கடிதத்தில் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். கணுக்கால் பிசகியதைப் போகிற போக்கில், கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் பிரச்சினை முக்கால்வாசி இருக்கிறது என்று நினைக்கிறேன். பிசியோதெரபிஸ்டாகவும் யோகா சொல்லித்தருபவளாகவும் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த வாட்ஸ்அப் பயத்தை முடித்துவிடுவோம். செய்தி முழுப் பொய் அல்ல. பிரேசிலில் 51 முதல் 75 வயதுக்குட்பட்ட 1,702 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. பத்து நொடி ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. ஆனால் அவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களும், மொத்தத்தில் உடல்நிலை மோசமாக இருந்தவர்களும் கூடுதல். ஆய்வாளர்கள் வயது, நோய் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் தொடர்பு இருந்தது என்பது உண்மைதான். தொடர்பு இருந்தது என்பதற்காக, நிற்க முடியாததால்தான் இறந்தார்கள் என்று ஆகிவிடாது. இன்னொரு விஷயம், அந்தச் சோதனையில் யாரும் கால் விரலைப் பிடிக்கச் சொல்லவில்லை. ஒரு பாதத்தைத் தூக்கி மறு காலின் கெண்டைக்காலுக்குப் பின்னால் வைத்து, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, நேரே பார்த்து நிற்க வேண்டும். மூன்று வாய்ப்புகள் உண்டு. சுவர் பக்கத்தில் நின்று நீங்களே செய்து பாருங்கள். உங்கள் இடது காலிலும் பத்து நொடி வந்துவிடும் என்றே எதிர்பார்க்கிறேன். வராவிட்டாலும் அது தலையெழுத்து இல்லை. சமநிலை என்பது பயிற்சியால் மாறக்கூடிய விஷயம், எண்பது வயதிலும்கூட. உங்கள் "இந்த வயதில் வருமா" கேள்விக்கும் இதுவே பதில்.

சரி, கணுக்காலுக்கு வருவோம்.

பிசகுதல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பாதம் உள்பக்கமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத்து நார்கள் அளவுக்கு மீறி இழுபடுவது. அந்த நார்கள் எலும்புகளைக் கட்டிவைக்க மட்டும் இருப்பவை அல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது என்று மூளைக்கு இடைவிடாமல் சேதி சொல்லும் நுண்ணிய உணரிகள் அவற்றிலும், சுற்றியுள்ள தசைகளிலும், உள்ளங்கால் தோலிலும் இருக்கின்றன. பிசகினால் வீக்கம் வடிந்துவிடும், வலி போய்விடும், நடையும் சரியாகிவிடும். சேதி சொல்லும் வேலை மட்டும், அதற்கென்று பயிற்சி கொடுக்காவிட்டால், பழையபடி திரும்பாமலே போவது உண்டு. பாதம் சாயத் தொடங்கியதும் கெண்டைக்காலின் வெளிப்பக்கத்துத் தசைகள் உடனே இழுத்து நிறுத்த வேண்டும். அவை கண்ணிமைக்கும் நேரம் தாமதித்தாலும் போதும், ஒற்றைக் காலில் நிற்பவர் சாய்ந்துவிடுவார். நடக்கும்போது இது தெரியாது, அடுத்த கால் வந்து காப்பாற்றிவிடும். ஒரு தடவை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகுவதற்கும் இது ஒரு காரணம். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டாவது தடவையும் ஆகியிருக்கிறது.

இப்போது நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பயன்பட்ட வாக்கியம்: "கட்டை விரலைப் பிடித்த உடனேயே." காலை நீட்டும்போது சாயவில்லை, பிடித்த உடனேயே சாய்கிறீர்கள். அப்படியென்றால் பின்தொடை இறுக்கம் விளையாட்டுக்குள்ளேயே வரவில்லை. அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடல் தன்னை நிமிர்த்தி வைத்துக்கொள்ள மூன்று இடங்களிலிருந்து சேதி வாங்குகிறது: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். உங்கள் இடது பாதத்திலிருந்து வரும் சேதி மங்கலாக இருப்பதால், மற்ற இரண்டையும் கூடுதலாக நம்பித்தான் நிற்கிறீர்கள். விரலைப் பிடிக்கத் தலையைக் குனிகிறீர்கள், அந்தக் கணமே கண் பிடித்து வைத்திருந்த புள்ளி போய்விடுகிறது, தலையோடு உள்காதும் சாய்கிறது. உடம்பின் எடையும் முன்பக்கம் போகிறது. மூன்று கால் ஸ்டூலில் ஒரு கால் முன்பே ஆடிக்கொண்டிருக்க, மீதி இரண்டையும் ஒரே நேரத்தில் நீங்களே தட்டிவிடுகிறீர்கள்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அறையின் மூலையில், இரண்டு பக்கமும் சுவர் கைக்கு எட்டும்படி, முதுகை மூலைக்குக் காட்டி நில்லுங்கள். வலது காலில் நின்று கண்ணை மூடி, எத்தனை நொடி வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு இடது காலில். கண்ணை மூடினால் யாருக்குமே நேரம் மளமளவென்று குறையும், ஐந்தாறு நொடிதான் வருகிறது என்று மனம் ஒடிய வேண்டாம். எண் முக்கியமில்லை, இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டும். இடது பக்கம் பாதிகூட வரவில்லை என்றால் நான் சொல்வது சரி. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் என் ஊகம் தவறு. அப்போதும் கீழே சொல்லும் பயிற்சி எதுவும் வீண் போகாது.

முதல் இரண்டு வாரம் அந்த ஆசனத்தையே செய்யாதீர்கள். வெறுமனே நில்லுங்கள். கேட்கச் சப்பென்று இருக்கும், தெரியும். ஆனால் நிற்பதற்குள் நிறைய வேலை இருக்கிறது.

வெறும் தரையில் நில்லுங்கள், மேட் வேண்டாம். தடித்த மெத்தென்ற மேட் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு தலையணை மாதிரி. ஏற்கெனவே மங்கலாக வரும் சேதியை அது இன்னும் மங்கலாக்கும். பின்னாளில் சவாலுக்காக மேட்டில் நிற்கலாம், இப்போது வேண்டாம். இடது பாதத்தின் ஐந்து விரல்களையும் தூக்கி, விரித்து, ஒவ்வொன்றாகக் கீழே வையுங்கள். கட்டை விரலின் அடிப்பகுதி, சுண்டு விரலின் அடிப்பகுதி, குதிகாலின் நடு என மூன்று இடங்களிலும் பாரம் இறங்க வேண்டும். கணுக்கால் பிசகியவர்கள் பலர் தங்களுக்கே தெரியாமல் பாதத்தின் வெளி விளிம்பில் சாய்ந்து நிற்பார்கள், மறுபடி பிசகுவதற்குத் தோதான நிலை அது. கட்டை விரலின் அடிப்பகுதியைத் தரையில் அழுத்துங்கள். ஆனால் விரல்களை மடக்கித் தரையைப் பிராண்டாதீர்கள். விரல்களைச் சுருட்டினால் நிற்கும் இடமே சுருங்கிப்போகிறது.

வலது பாதத்தை அரை அடி தூக்குங்கள், போதும். ஒரு கை விரல்நுனிகள் சுவரைத் தொட்டிருக்கட்டும். சாய்ந்துகொள்ள வேண்டாம், தொட்டால் போதும். இதில் ஓர் அதிசயம் உண்டு. ஒரே ஒரு விரல்நுனி, பாரம் எதையும் தாங்காமல், சுவரை லேசாகத் தொட்டிருந்தாலே உடலின் ஆட்டம் கணிசமாகக் குறைகிறது என்று ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். விரல் உங்களைத் தாங்கவில்லை, மூளைக்கு இன்னொரு சேதி தருகிறது, அவ்வளவுதான். அதனால் சுவரைத் தொடுவது ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். ஐந்து விரலில் தொடங்கி, சில நாளில் இரண்டு, பிறகு ஒன்று, அப்புறம் சுவருக்கு ஓர் அங்குலம் தள்ளிக் கை காத்திருக்கட்டும். ஒரு காலுக்கு ஐந்து மூச்சு, மூன்று தடவை, வாரத்தில் நாலைந்து நாள். முதலில் இடது காலில் தொடங்கி, கடைசியாகவும் இடது காலில் முடியுங்கள்.

அப்படி நிற்கும்போது கணுக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். கெண்டைக்கால் தசைகள் துடிக்கும். அதைத்தான் எல்லாரும் "வரவில்லை" என்று எழுதுகிறார்கள். அந்த ஆட்டம் இல்லாமல் ஒற்றைக் காலில் நிற்பவர் ஒருவர்கூடக் கிடையாது, இரண்டு காலில் நிற்பவர்கூட உற்றுப் பார்த்தால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்தையும் கணுக்கால் திருத்துகிறதே, உங்கள் இடது காலுக்கு வேண்டிய பயிற்சி அந்தத் திருத்தம்தான். ஆகையால் நொடிகளை எண்ணாதீர்கள். சாயப் போய், பாதத்தைக் கீழே வைக்காமல் எத்தனை தடவை மீண்டீர்கள் என்று எண்ணி ஒரு நோட்டில் குறியுங்கள். கற்சிலை மாதிரி ஒரு நிமிடம் நிற்பதைவிட ஆறு தடவை சாய்ந்து ஆறு தடவையும் மீள்கிற நாள்தான் உங்களுக்கு நல்ல நாள்.

இதோடு இரண்டு சின்னப் பயிற்சிகள். சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது ஒன்று. உயரும்போது பாரம் கட்டை விரல் பக்கமாக வர வேண்டும், சுண்டு விரல் பக்கம் சரியக் கூடாது. இடது கால் எத்தனை தடவை செய்கிறதோ அத்தனையே வலது காலும் செய்யட்டும். இரண்டாவது, கடிகாரப் பயிற்சி. இடது காலில் நின்று, முழங்காலை லேசாக மடித்து, நீங்கள் ஒரு கடிகாரத்தின் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலது கால் நுனியால் பன்னிரண்டைத் தொட்டுவிட்டு நடுவுக்கு வாருங்கள், பிறகு இரண்டு, நாலு, ஆறு, எட்டு. எட்டு என்பது நிற்கும் காலுக்குப் பின்னால் குறுக்காகப் போக வேண்டியிருக்கும், அதுதான் கடினம். கணுக்கால் பிசகியவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சிகளில் எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ளது இது. யோகா இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். ஈரமான குளியலறைத் தரையில் நிற்க நான் சொல்ல மாட்டேன். போனில் பேசும்போது காய்ந்த தரையில், சுவரோரம் நில்லுங்கள். கவனம் வேறெங்கோ இருக்கும்போது நிற்கப் பழகுவதும் ஒரு பயிற்சிதான்.

மூன்றாவது வாரத்திலிருந்து முழங்காலைத் தூக்கலாம். வலது முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, வலது கையால் முழங்காலைப் பிடியுங்கள். விரலை அல்ல, முழங்காலை. இங்கே பார்க்க வேண்டியது இடுப்பு. இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, நிற்கும் பக்கத்து இடுப்பு பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு போகும். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர் நிற்கும் தோரணை. பேன்ட் பை வரும் இடத்துக்குச் சற்று மேலே, இடுப்பின் பக்கவாட்டில் ஒரு தசை இருக்கிறது, அதுதான் இடுப்பைச் சமமாகப் பிடித்துவைப்பது. அது சோம்பினால் எலும்பின் மேல் தொங்கி நிற்பீர்கள். இன்னொன்று, தூக்கிய பக்கத்து இடுப்பு காலோடு சேர்ந்து விலாவை நோக்கி ஏறிவிடும். கால் உயர்ந்தது போலத் தெரியும், ஆனால் உயர்ந்தது இடுப்பு. வலது பக்க இடுப்பை வேண்டுமென்றே கீழே இறக்கிப் பாருங்கள், கால் இரண்டு அங்குலம் தாழும். அந்தத் தாழ்ந்த உயரம்தான் உங்கள் நிஜமான உயரம். கண்ணாடி முன்னால் ஓரிரு நாள் செய்தால் பிடிபட்டுவிடும்.

நிற்கும் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. நிலையாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் பூட்டிய முழங்காலால் சின்னத் திருத்தம் எதையும் செய்ய முடியாது, ஆட்டம் வந்தால் மரம் சாய்வது போல மொத்தமாகச் சாய்வீர்கள். முன்தொடைத் தசையை மேலே இழுத்துப் பிடியுங்கள், முழங்காலைப் பின்னால் தள்ளாதீர்கள். மூச்சையும் பிடித்து வைக்காதீர்கள். சிரமமான இடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடிப்போம். வெளிமூச்சை நீளமாக விட்டால் தோளும் விலாவும் தாமாக இறங்கும்.

இப்போதுதான் பின்தொடைக்கு வருகிறேன். "நீட்டுங்கள், நீட்டுங்கள்" என்பதைப் பற்றி எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. நான் மாணவியாக இருந்தபோது ஒரு வகுப்பில், நன்மை செய்வதாக நினைத்து, தூக்கிய என் காலைப் பிடித்து இன்னும் ஒரு சாண் மேலே தள்ளிவிட்டார்கள். புட்டத்துக்கு அடியில், உட்காரும் எலும்பு இருக்கும் இடத்தில், சுரீரென்று ஒரு வலி. நானும் முட்டாள்தனமாக, இறுக்கம் போலிருக்கிறது என்று இன்னும் நீட்டினேன். அது குணமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பின்தொடைத் தசைகள் அந்த எலும்பில்தான் ஒட்டியிருக்கின்றன. அந்த ஒட்டுமிடத்தில் வலி வந்தால் நீட்டுவதை நிறுத்த வேண்டும். அதற்கு இதமளிப்பது வலுவூட்டும் பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துச் செய்யும் சேது பந்தாசனத்தில் இடுப்பை மெதுவாக உயர்த்தி இறக்குவது தொடக்கத்துக்கு நல்லது. தசையின் நடுவில் பரவலாக இழுவை தெரிந்தால் பரவாயில்லை. உட்காரும் எலும்பில் குத்தினாலோ, முழங்காலுக்குப் பின்னாலிருந்து பாதம் வரை கம்பி இழுப்பது போலவோ மின்சாரம் பாய்வது போலவோ இருந்தாலோ அது தசையின் இறுக்கம் இல்லை. பின்வாங்குங்கள்.

உங்கள் பின்தொடை உண்மையிலேயே இறுக்கமா என்று படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மல்லாந்து படுத்து, வலது பாதத்தில் பெல்ட்டையோ நீளத் துண்டையோ மாட்டி, முழங்காலை நீட்டியபடி தூக்குங்கள். இடது கால் தரையோடு நீட்டி இருக்கட்டும். சுப்த பாதாங்குஷ்டாசனம்தான், இந்த ஆசனத்தையே படுக்கவைத்தது. எந்த இடத்தில் முழங்கால் மடங்கத் தொடங்குகிறதோ, அல்லது இடுப்பு தரையிலிருந்து சுருள்கிறதோ, அதுதான் இன்றைய எல்லை. படுத்து வராதது நின்று வராது. படுத்திருக்கும்போது கால் செங்குத்துக்கு ரொம்ப முன்பே நின்றுவிடுகிறது என்றால், நின்றபடி விரலைப் பிடித்துக் காலை நீட்டச் சொல்வது அநியாயம். முதுகு கூன் போடும், நிற்கும் முழங்கால் மடங்கும், நெஞ்சு விழும். படுத்தபடியே ஒரு காலுக்கு 30 நொடி, மூன்று தடவை செய்யுங்கள். தூங்கி எழுந்த முதல் அரை மணியில் வேண்டாம். இரவில் முதுகெலும்பின் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த நேரத்தில் முதுகு வளைந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடுதல்.

உங்களைவிட மூத்தவர்கள் சுலபமாகச் செய்கிறார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். கை நீளமாகவும் கால் குட்டையாகவும் அமைந்தவருக்கு விரல் தானாகக் கைக்கு வரும். கால் நீளம், கை குட்டை என்றால், அதே விரலைத் தொட இடுப்பு இன்னும் நிறைய மடங்க வேண்டும். பிறவியிலேயே அளவு வேறு, பயிற்சி என்ன செய்யும்? பெல்ட் போட்டால் அந்தக் குறை தீர்ந்தது. பெல்ட்டோடு செய்தால் ஆசனம் பாதி என்று யாராவது சொன்னால், கையின் நீளத்தைக் கூட்டித் தரச் சொல்லுங்கள்.

ஐந்தாவது வாரம் வாக்கில் இரண்டையும் சேர்க்கலாம். வாரக் கணக்கு ஒன்றும் பஞ்சாங்கம் அல்ல. முழங்காலைப் பிடித்தபடி இடது காலில் சுவரைத் தொடாமல் ஐந்து மூச்சு வருகிறதா, அதுதான் அளவு. பெல்ட்டை முதலிலேயே, நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தில் மாட்டிவிடுங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள், இடது கை சுவரில் இருக்கட்டும். கண் மட்டத்தில் எதிரே ஒரு புள்ளியைப் பார்த்து, முழங்காலை மடித்தபடியே மேலே கொண்டுவாருங்கள். குனிய வேண்டிய தேவையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஒன்றுக்காகவே பெல்ட்டை உங்களுக்குச் சொல்கிறேன். அப்புறம் குதிகாலை முன்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டே போங்கள். முதுகு கூன் போட ஆரம்பிக்கும் கணத்துக்கு ஒரு விரற்கடை முன்பே நிறுத்துங்கள். முழங்கால் பாதி மடங்கியிருந்தாலும் அங்கேயே மூன்று மூச்சு. பெல்ட்டைப் பிடித்த கையால் காலை மேலே இழுக்காதீர்கள், தோளும் பின்னால் இருக்கட்டும்.

இறங்குவதற்கும் மதிப்பெண் கொடுங்கள். பெரும்பாலோர் ஐந்தாவது மூச்சு முடிந்ததும் காலைத் தொப்பென்று போட்டுவிடுவார்கள். நீங்கள் முழங்காலை மறுபடி மடித்து, பெல்ட்டைத் தளர்த்தி, பாதம் தரையைத் தொடுவதற்கு முன் ஒரு மூச்சு அந்தரத்தில் நிறுத்தி, பிறகு வையுங்கள். அந்த ஒரு மூச்சு நிற்கும் காலுக்கு நல்ல பாடம்.

விரலையே பிடிக்கும் நாள் வரும்போது, முழங்காலை நெஞ்சுக்கு அருகே கொண்டுவந்து, பார்வையை எடுக்காமல், கட்டை விரலைக் கை தடவித் தேடட்டும். சுட்டுவிரலும் நடுவிரலும் ஒரு பக்கம், கைக் கட்டை விரல் மறுபக்கம். இருட்டில் சுவிட்சைத் தேடுவது மாதிரி. முதலில் வேடிக்கையாக இருக்கும், நாலு நாளில் கைக்கு வழி தெரிந்துவிடும்.

காலைப் பக்கவாட்டில் திறந்து தலையை எதிர்ப்பக்கம் திருப்பும் அடுத்த நிலையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பிறகு செய்யும்போதும் காலையும் தலையையும் சேர்த்துத் திருப்ப வேண்டாம். பார்வை முன்னாலேயே இருக்கக் காலை மட்டும் திறந்து பழகுங்கள், பல மாதம் அப்படியே இருந்தாலும் குற்றமில்லை. தலை திரும்புவது பிறகு. கையை விட்டுவிட்டுக் காலை அந்தரத்தில் நிறுத்தும் கடைசி நிலையில் முன்தொடைத் தசை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பயப்படாதீர்கள். அங்கே தசை முழுக்கச் சுருங்கிய நிலையில் மொத்தக் காலையும் சுமக்கிறது. நீட்டும் பயிற்சி அதற்கு உதவாது. உட்கார்ந்து காலை நீட்டி, குதிகாலைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கித் தூக்கி இறக்குவதுதான் உதவும்.

கணுக்காலுக்குப் பட்டி கேட்டீர்கள். ஓடியாடி விளையாடுகிறவர்கள் மறுபடி பிசகாமல் இருக்கப் போடலாம். வீட்டில், சுவரோரம், மெதுவாகச் செய்யும் பயிற்சிக்கு வேண்டாம். கணுக்கால் தானாகத் திருத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம்.

சமதரையில் நடக்கும்போதே இடது கணுக்கால் அவ்வப்போது மடங்கிக்கொடுக்கிறது என்றாலோ, மாலையில் வீங்குகிறது என்றாலோ ஒரு எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ நேரில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். படுக்கையில் புரளும்போது அறை சுழல்வது, எழுந்தால் தலை கிறுகிறுப்பது, பாதம் மரத்துப்போவது இவற்றில் எது இருந்தாலும் அப்படித்தான்.

வகுப்பில் இந்த ஆசனம் வரும்போது என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். உங்கள் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இடது கணுக்கால் இரண்டு தடவை பிசகியிருக்கிறது, ஆறு வாரம் சுவரோரம் முழங்காலைப் பிடித்து நிற்கப் போகிறேன், காலைத் தொட்டுத் தூக்கிவிட வேண்டாம் என்று. அவர் இதுவரை உங்கள் தூக்கிய காலை மட்டுமே பார்த்திருக்கலாம்.

ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். இடது காலில் எத்தனை மூச்சு, எத்தனை தடவை சாய்ந்து மீண்டீர்கள், கண்ணை மூடிய சோதனையில் இரண்டு காலுக்கும் இப்போது என்ன வித்தியாசம், இவை போதும். வலது கால் எவ்வளவு உயரம் போகிறது என்று நான் கேட்கப் போவதில்லை.